பாரா புரொபேஷனுக்குக் கிளம்பும் தம்பிக்கு: முதலில் காலைக் கவனி

பாரா ஸ்பெஷல் ஃபோர்ஸுக்கு (ராணுவத்தின் பாராசூட் சிறப்புப் படை) வாலன்டியர் கொடுத்த பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை தண்டால் எடுக்கணும்?" என்றுதான். தண்டாலை உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) எடுக்க வைத்துவிடுவார். நீ ஊரிலேயே பழக்கிக்கொண்டு போக வேண்டியது உன் பாதம்.

நான் வெலிங்டனில் பயிற்சி முடித்து, மதராஸ் ரெஜிமென்டிலிருந்து போனவன். எங்கள் காலத்தில் புரொபேஷன், அதாவது படையில் எடுக்கலாமா என்று சோதிக்கும் காலம், 90 நாள். ஸ்பீடு மார்ச் 10, 20, 30, 40 கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டே போகும். கையில் துப்பாக்கி, முதுகில் பிட்டு. (நம் ஊர்ப் புட்டு இல்லை, பட்டாளத்தில் முதுகுப் பைக்கு அதுதான் பேர்.) 20 கிலோமீட்டரில் என் குதிகால் கொப்புளம் உடைந்தது. சாக்ஸைக் கழற்றினேன், தோலும் கூடவே வந்தது. வேறொன்றுமில்லை, புது பூட்ஸ்.

அதனால் பூட்ஸை இரண்டு மாதம் முன்பே போட ஆரம்பி. கடைக்கும் வயலுக்கும் அதிலேயே போ. உள்ளே மெல்லிய நைலான் சாக்ஸ், மேலே கம்பளி சாக்ஸ். அப்போது உரசல் இரண்டு துணிக்கு நடுவில் நடக்கும், தோல் தப்பிக்கும். நடக்கும்போது ஓரிடம் சுருக்கென்று சூடானால் அங்கேயே நின்று பிளாஸ்டர் ஒட்டு. "அடுத்த மைல்கல்லில் பார்த்துக்கலாம்" என்று நான் நினைத்ததுதான் தப்பு.

பிட்டுக்கு 10 கிலோவில் தொடங்கி, வாரம் ஒரு கிலோ ஏற்று. மணல் மூட்டையைப் போர்வையில் சுற்றி, தோள்பட்டை உயரத்தில் முதுகோடு ஒட்டி வை. அடியில் தொங்கினால் இடுப்பு போய்விடும். பாரத்தோடு தார் ரோட்டில் ஓடாதே, முட்டி வாங்கும். வேகமாக நட, போதும்.

ஓட்டம், புல்-அப் எல்லாம் நீ ஏற்கெனவே செய்வதுதான், விடாமல் செய்.

தூக்கம்தான் அடுத்த சிக்கல். கண் சொருகும் நேரத்தில் உஸ்தாத் வந்து, பாதையில் பார்த்ததையெல்லாம் ஒப்பிக்கச் சொல்வார். வாரம் ஒரு ராத்திரி நடந்துவிட்டு வந்து, வழியில் பார்த்த பத்துப் பொருளை எழுதிப் பழகு. முதல் தடவை எனக்கு நாலுதான் வந்தது, அதில் ஒன்று நாய்.

மார்ச்சுக்கு இரண்டு நாள் முன்பே கால் நகத்தை நேராக வெட்டிவிடு. ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் ஏறும். புரொபேஷனைத் தாண்டினால் ஆக்ராவில் ஐந்து பாராசூட் ஜம்ப், ஒன்று ராத்திரியில். தரை வரும்போது இரண்டு காலையும் சேர்த்து வைக்க வேண்டும். அதை அங்கே சொல்லித் தருவார்கள்.