ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக் குழந்தைக்கு ரத்தம் ஏற்றும்போது நடக்கும் தவறுகள்

குழந்தைக்கு ரத்தம் தேவை என்றதும் அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா போன்ற ரத்த நோய்களுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை (வேறொருவரின் ரத்தம் உருவாக்கும் செல்களை ஏற்றுவது) செய்யப்போகிற குழந்தை என்றால், முதல் தவறு அங்கேதான். சொந்தக்காரர்களின் ரத்தத்தை முன்பே ஏற்றினால், அந்தக் குடும்பத்துத் திசு அடையாளங்களை எதிர்க்கக் குழந்தையின் உடல் பழகிவிடும். பிறகு அண்ணனோ தங்கையோ தரும் ஸ்டெம் செல்லையும் அது நிராகரிக்கலாம்.

இன்னொரு ஆபத்து இதைவிட மோசம். உறவினரின் வெள்ளணுக்கள் குழந்தையின் உடலுக்கு அந்நியமாகத் தெரியாமல் போகலாம். அப்போது அவை அழியாமல் பெருகி, தோல், குடல், ஈரல், மஜ்ஜை என எல்லாவற்றையும் தாக்கும். இது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பிழைப்பதில்லை. வீட்டார் தாராளமாக ரத்தம் கொடுக்கட்டும். அது ரத்த வங்கி வழியாக வேறொருவருக்குப் போகட்டும்.

எதிர்ப்புச் சக்தி அற்றுப்போன குழந்தைக்கு முன்பின் தெரியாதவரின் ரத்தத்திலும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் சிவப்பணு, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) பைகளுக்குக் குறைந்தது 25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். ‘ஃபில்டர் போட்டாச்சே, போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஃபில்டர் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். மிஞ்சியவை பெருகாமல் தடுப்பது கதிர்வீச்சுதான். பல வங்கிகள் பையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுகின்றன. அதில் ‘நாட் இர்ரேடியேட்டட்’ என்று இருக்கும். கதிர் பட்டதும் ‘நாட்’ மட்டும் மறைந்துவிடும். பை கட்டிலுக்கு வந்ததும் அதைப் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் நர்ஸிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு விதிவிலக்கு ஸ்டெம் செல் பை. அதற்குக் கதிர்வீச்சும் கூடாது, வெள்ளணு ஃபில்டரும் கூடாது. இரண்டில் எதைச் செய்தாலும் சிகிச்சையே பாழ்.

அப்புறம் ரத்தப் பிரிவு. குழந்தை ‘ஓ’, தானம் தருபவர் ‘ஏ’ என்றால், சிகிச்சைக்குப் பின் குழந்தையின் பிரிவு மெல்ல ‘ஏ’ ஆக மாறும். அந்த இடைக்காலத்தில் சிவப்பணு ‘ஓ’ ஆகவும், பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ‘ஏ’ அல்லது ‘ஏபி’ ஆகவும் இருப்பது நல்லது. பழைய ரிப்போர்ட்டைக் காட்டி ‘எங்க பிள்ளை ஓ குரூப்’ என்று மட்டும் சொன்னால் குழப்பம்தான். இருவர் பிரிவையும், மாற்று சிகிச்சை நடந்த தேதியையும் ரத்தக் கோரிக்கைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

‘ஹீமோகுளோபின் 8 தானே இருக்கு, ஏத்துங்க டாக்டர்’ என்று நச்சரிப்பதும் உண்டு. குழந்தை நிலையாக இருந்தால் பொதுவாக 7-க்குக் கீழே போனால்தான் சிவப்பணு. ரத்தக்கசிவோ காய்ச்சலோ இல்லையென்றால் 10,000-க்குக் கீழே போனால்தான் பிளேட்லெட். கனடாவில் மாற்று சிகிச்சைக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபினை 12-க்கு மேல் வைத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வில், அப்படி வைக்கப்பட்ட மூவருக்கும் ஈரலின் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபடும் சிக்கல் வந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று பேரை வைத்து முடிவுகட்ட முடியாதுதான். ஆனாலும் கூடுதல் ரத்தம் கூடுதல் நன்மை என்று நம்பவும் காரணமில்லை. ஒவ்வொரு யூனிட்டிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு வேறு உடலில் சேர்கிறது.

வெளி ரத்த வங்கியிலிருந்து பையை வாங்கி வருபவர்கள் பிளேட்லெட்டையும் ஐஸ் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். குளிர் சிவப்பணுவுக்குத்தான். பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரியில் இருக்க வேண்டும். சிவப்பணுப் பையைச் சீக்கிரம் சூடேற்ற வெந்நீரில் வைக்கவும் கூடாது.

வீடு திரும்பிய பிறகுதான் பலர் அசந்துவிடுகிறார்கள். வேறொருவரின் ஸ்டெம் செல் பெற்ற குழந்தைக்கு, குறைந்தது ஆறு மாதமாவது கதிர்வீச்சு கொடுத்த ரத்தமே ஏற்ற வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தொடர்ந்தால் இன்னும் நீளும். ஊரில் திடீரென்று ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் அங்குள்ள டாக்டருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாற்று சிகிச்சை மையத்தின் போன் நம்பரோடு இதை ஒரு அட்டையில் எழுதி வாங்கி, குழந்தையின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.