தாய் சி பழகலாம்: கையை விடுங்கள், முதலில் கால்

தாய் சி பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் காணொளியைப் பார்த்து முதலில் கையசைவைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான். கை அழகாகவே போனது. ஒரே மாதத்தில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது என்றே தெரியாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தாய் சி என்பது சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தார் வளர்த்த தற்காப்புக் கலை. அவர்களிடம் கற்ற யாங் லூச்சான் 19ஆம் நூற்றாண்டில் அதை பெய்ஜிங்கில் பரப்பினார். இன்று பூங்காக்களில் பலரும் செய்யும் 24 அசைவுத் தொடர், யாங் பாணியைச் சுருக்கி 1956இல் அமைத்தது. முழுதாகச் செய்ய ஐந்தாறு நிமிடம் போதும். ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை.

1. நிற்பது: பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்கள் நேராக முன்னால் பார்க்கட்டும். முழங்காலை லேசாகத் தளர்த்துங்கள். தோளைக் கீழே விடுங்கள். இரண்டு நிமிடம் அப்படியே.

2. தொடக்க அசைவு: மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் தோள் உயரத்துக்கு மிதக்கவிட்டு, விடும்போது இறக்குங்கள், கூடவே முழங்காலும் கொஞ்சம் மடியும். மூச்சு ஒத்துவரவில்லையா? சரி, அதை அதன் போக்கில் விடுங்கள். வலிந்து இழுத்தால் தோள் இறுகிவிடும்.

3. எடை மாற்றுவது: எல்லாம் இதில்தான் இருக்கிறது. எடை முழுவதையும் மெல்ல இடது காலுக்குக் கொண்டுபோங்கள். வலது கால் வெறுமையாகிவிடும். பிறகு மறுபக்கம். நிறைந்த கால், வெறுங்கால் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்யலாம். கவனம் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டால் அலுவலகக் கவலைக்கு மண்டையில் இடமிருக்காது.

4. பூனை நடை: எடை ஒரு காலில் இருக்க, மற்றக் குதிகாலைச் சத்தமில்லாமல் முன்னால் வையுங்கள். உடனே சாயாதீர்கள். வைத்த காலை உடல் ஆடாமல் திரும்ப எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் எடை முன்பே அங்கே போய்விட்டது என்று அர்த்தம், அடியைச் சிறிதாக்குங்கள். எடுக்க முடிந்தால், திரும்ப வைத்துப் பாதத்தைப் படியவிட்டு எடையை முன்னே கொண்டுவாருங்கள். முழங்கால் கால்விரல் பார்க்கும் திசையிலேயே மடிய வேண்டும், விரல் நுனியைத் தாண்டக் கூடாது. என் வலிக்குக் காரணம், திரும்பும்போது பாதத்தை நகர்த்தாமல் முழங்காலை முறுக்கியதுதான்.

தினமும் பத்து நிமிடம், இரண்டு வாரம் இந்த நான்கும் போதும். தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்தில் கனமான நாற்காலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் கை. 24 அசைவுத் தொடரில் தொடக்க அசைவுக்கு அடுத்து வருவது 'காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரித்தல்'. வலது கை மேலே, இடது கை கீழே, நடுவில் ஒரு பந்து இருப்பதுபோல் பிடியுங்கள். இடது காலைப் பூனை நடையில் வைத்து, எடை முன்னே போகப் போக இடது கை கண் உயரத்துக்கு ஏறட்டும், வலது கை இடுப்பருகே இறங்கட்டும். எடை நகர்வது நிற்கும்போதே கையும் நிற்க வேண்டும். கை முந்திக்கொண்டால் மறுபடி மூன்றாவது படிக்குப் போங்கள்.