படித்த புத்தகத்துக்குக் கணக்கு எழுதுவது எப்படி

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். படிக்கும் பழக்கம் சின்ன வயசிலிருந்தே உண்டு. படித்ததைப் பற்றி எழுதி வைக்கும் பழக்கம் வந்து 6 வருஷம்தான் ஆகிறது. லைப்ரரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து வந்து முப்பது பக்கம் போன பிறகு, இதை ஏற்கெனவே படித்திருக்கிறோமே என்று உறைத்தது. போன தடவை பிடித்ததா இல்லையா என்பதுகூட ஞாபகமில்லை. அன்றைக்கு இரண்டு நோட்டு வாங்கினேன்.

ஏன் இரண்டு? எங்கள் தொழிலில் அன்றன்றைக்கு நடந்ததைச் சிட்டையில் எழுதுவோம், அப்புறம் பேரேட்டில் ஏற்றுவோம். புத்தகத்துக்கும் அதுதான் சரி. படிக்கும்போது தோன்றுவது சிட்டை. ஒரு வாரம் கழித்து மிஞ்சுவது பேரேடு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் முதல் நாள் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்போம்.

சிட்டையில் முழு வாக்கியமே வேண்டாம். பக்க எண், பக்கத்தில் அரை வரி. "இங்கே சிரித்தேன்", "இது யார், மறந்துவிட்டது", "இரண்டு பக்கம் தாண்டினேன்". தாண்டியதைக் கண்டிப்பாக எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லைப்ரரி புத்தகத்தில் பேனா வைக்கக் கூடாது என்பதால், ஒட்டாமல் மிஞ்சும் தீப்பெட்டி லேபிளைப் பக்கத்துக்கிடையில் செருகிவிடுவேன். ராத்திரி லேபிளை எண்ணினாலே அன்றைக்குப் படித்தது எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். எந்தப் பதிப்பு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்பகம் மாறினால் பக்க எண் மாறும், கணக்கு இடிக்கும்.

கதைப் புத்தகத்துக்கு ஒரு உதாரணம். சமீபத்தில் பூமணியின் 'வெக்கை' படித்தேன். 1982-இல் வந்த நாவல். ஊர்க்காரர் எழுதியது, இவ்வளவு நாள் படிக்காமல் இருந்ததற்கு என்ன சாக்கு சொல்ல. அண்ணனைக் கொன்றவனை 15 வயசுப் பையன் சிதம்பரம் வெட்டிவிடுகிறான். அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலுமாக ஒளிந்து திரிகிறார்கள். சிட்டையில் நான் எழுதியது இது: "சாப்பாடு அதிகம். திரும்பத் திரும்பச் சமைக்கிறார்கள். கதை நகரவில்லை." அதைப் படித்த சூட்டோடு யாராவது கேட்டிருந்தால் இழுவை என்றுதான் சொல்லியிருப்பேன்.

எட்டு நாள் கழித்துப் பேரேடு எழுத உட்கார்ந்தபோது வெட்டு ஞாபகத்துக்கு வரவில்லை. சாப்பாடுதான் வந்தது. கொலை செய்துவிட்டு வந்த மகனை அப்பா அடிக்கவில்லை. அவன் பசியைப் பார்க்கிறார். அவர் பாசத்தைக் காட்ட அந்தக் காட்டில் வேறு என்ன இருக்கிறது? எதைக் குறை என்று எழுதினேனோ அதுதான் புத்தகம். பழைய வரியை அடிக்கவில்லை. கணக்கில் அழித்து எழுதக் கூடாது. தப்பு என்று தெரிந்தால் கீழே இன்னொரு பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

பேரேட்டில் கதைச்சுருக்கம் எழுதாதீர்கள். அது அட்டையின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு இடத்தை எடுத்து, அது ஏன் வேலை செய்தது அல்லது ஏன் செய்யவில்லை என்று எழுதினால் போதும். "நடை அருமை", "ஆழமான படைப்பு" என்றெல்லாம் கை தானாக எழுதும். அதற்குப் பக்கத்தில் ஒரு பக்க எண்ணைப் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது ரசீது இல்லாத செலவு. 'வெக்கை'க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 2019-இல் இந்தக் கதையை வைத்து 'அசுரன்' படம் வந்துவிட்டதால் படிக்கும்போதே அப்பாவுக்குத் தனுஷ் முகம் வந்துவிடுகிறது. படத்தைப் பற்றித் தோன்றுவதைத் தனிப் பக்கத்தில் எழுதித் தள்ளிவிட்டுத்தான் புத்தகத்துக்கு வர முடிந்தது.

கதையல்லாத புத்தகத்துக்குக் கேள்வியே வேறு. படிக்கத் தொடங்குமுன் அந்த விஷயத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று மூன்று வரி எழுதுங்கள். இதுதான் தொடக்க இருப்பு. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்துக்கு நான் எழுதியது: "ஓலைச்சுவடி தேடியவர். தாத்தா. முண்டாசு." அவ்வளவுதான். முடித்தபோது என் கணக்கில் ஏறியிருந்தவர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தன் கதையை எழுத உட்கார்ந்தவர் எத்தனை அத்தியாயங்களை ஆசிரியருக்குக் கொடுத்திருக்கிறார் பாருங்கள். சுவடி தேடிய பயணங்களைவிட எனக்கு அந்தப் பகுதிதான் பிடித்தது.

அடுத்த கேள்வி எங்கள் ஆடிட்டர் கேட்பது: வவுச்சர் எங்கே? அதாவது, சொன்னதற்கு ஆதாரம் என்ன? 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்திக்கிறார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அங்கே திரும்பிய வாழ்க்கை 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாக அச்சேறுகிறது. பிரமாதமான இடம், லேபிள் செருகினேன். ஆனால் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940-இல். 60 வருஷத்துக்கு முந்தைய பேச்சு கேள்வியும் பதிலுமாக அப்படியே வருகிறதே? நடந்தது உண்மை, வசனத்தில் கொஞ்சம் பிற்கால மெருகு இருக்கும் என்று எழுதி வைத்தேன். இப்படிச் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு ஆகாது. 1942-இல் அவர் காலமானதால் சரித்திரம் பாதியில் நிற்கிறது. அதைக் குறை என்று எழுதினால்தான் அநியாயம்.

மார்க், ஸ்டார் எதுவும் போடுவதில்லை. ஐந்துக்கு நாலு என்று 'வெக்கை'க்கும் 'என் சரித்திர'த்துக்கும் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? பாதியில் விட்ட புத்தகத்துக்கும் பக்கம் உண்டு. எங்கே விட்டேன், ஏன் விட்டேன், அவ்வளவு போதும். பணம் சேர்ப்பது பற்றிய ஒரு புத்தகத்தை 60-ஆம் பக்கத்தில் விட்டேன். காரணம்: "சம்பளம் வாங்காதவர் எழுதியது போலிருக்கிறது."

கடைசியாக, எழுதியதை யாரிடமாவது வாயால் சொல்லிப் பாருங்கள். எனக்கு ஆபீசில் பக்கத்து சீட்டுத் தங்கச்சி இருக்கிறாள். டீ வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். 'வெக்கை'யை அந்தச் சாப்பாட்டு விஷயத்தோடு சொன்னேன். வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அந்தப் பையனோட அம்மாவப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்ல?" என்றாள்.

எந்தப் பக்கத்தில் அப்படித் தோன்றியது என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இல்லாத பக்கத்துக்கு எப்படிக்கா நம்பர் சொல்ல?"