எம்.ஆர்.என்.ஏ. ஏறினால் புரதமும் ஏறுமா? செடிகளில் மொழிபெயர்ப்பைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்யும் ஆணையைச் சுமந்துவரும் படி) இரு மடங்கு ஏறிவிட்டது, ஆகவே புரதமும் இரு மடங்கு ஏறியிருக்கும். ஆய்வேடுகளில் இந்த "ஆகவே"யைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். நானும் ஆரம்பத்தில் அப்படி எழுதியவன்தான். எம்.ஆர்.என்.ஏ. இருக்கிறது என்றால் ஆணை வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் அதை எடுத்துப் படிக்கிறதா என்பது தனிக் கேள்வி. அந்தப் படிப்பைத்தான் மொழிபெயர்ப்பு என்கிறோம்.

உலர்ந்த விதையைப் பாருங்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான வகை எம்.ஆர்.என்.ஏ.க்கள் படிக்கப்படாமல் காத்துக் கிடக்கின்றன. ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியான அரபிடாப்சிஸின் விதைக்கு ஆல்ஃபா-அமானிட்டின் கொடுத்துப் புதிய படியெடுத்தலை (மரபணுவிலிருந்து எம்.ஆர்.என்.ஏ. செய்வதை) நிறுத்தினாலும் முளைவேர் வெளியே எட்டிப் பார்த்துவிடும். நாற்றாக வளர்வதுதான் நின்றுபோகும். சைக்ளோஹெக்சிமைடு கொடுத்து மொழிபெயர்ப்பை நிறுத்தினாலோ முளைப்பே கிடையாது. 2004இல் வெளிவந்த சோதனை இது. கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்த தவறு, எம்.ஆர்.என்.ஏ.வின் முன்பகுதியை வெற்று இடமாக நினைப்பது. அரபிடாப்சிஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எம்.ஆர்.என்.ஏ.க்களில், முக்கியப் புரதத்துக்கு முன்னாலேயே யு.ஓ.ஆர்.எஃப். எனப்படும் குட்டிச் சட்டகம் (ரைபோசோம் படிக்கக்கூடிய சிறு பகுதி) ஒன்றாவது உண்டு. பிஜிப்11 (bZIP11) என்ற மரபணுவில் இது சர்க்கரையைக் கண்காணிக்கும் வேலையைச் செய்கிறது. செல்லில் சுக்ரோஸ் கூடினால், சுமார் 40 அமினோ அமிலம் நீளமுள்ள அந்தக் குட்டிப் பெப்டைடைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் நின்றுவிடும். பின்னால் இருக்கும் முக்கியச் சட்டகம் படிக்கப்படாது. இப்போது ஒருவர் முக்கியச் சட்டகத்தை மட்டும் வெட்டியெடுத்து, வலுவான முன்னியக்கி (மரபணுவை இயக்கிவிடும் டி.என்.ஏ. துண்டு) ஒன்றின் கீழ் வைத்துச் செடிக்குள் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை கொடுத்துப் பார்த்தால் எந்த மாற்றமும் இருக்காது. "இந்த மரபணுவுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை" என்று முடிவு எழுதிவிடுவார். தொடர்பு இருந்த துண்டைக் குப்பைக் கூடைக்கு அனுப்பியது அவர்தான்!

அதற்காக முன்பகுதியில் தென்படும் ஏ.யு.ஜி. (ரைபோசோம் வழக்கமாகப் படிக்கத் தொடங்கும் மூன்றெழுத்து) எல்லாம் தடை என்று எண்ணிவிடவும் கூடாது. சுற்றியுள்ள எழுத்துகள் தோதாக இல்லையென்றால் ரைபோசோம் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். மறுபக்கம், வைட்டமின் சி உற்பத்தியை அடக்கும் ஒரு யு.ஓ.ஆர்.எஃப். ஏ.சி.ஜி.யில் தொடங்குகிறது, ஏ.யு.ஜி.யை மட்டும் தேடும் மென்பொருளுக்கு அது அகப்படாது. கீரை வகையான லெட்யூஸில் இதே வகைக் குட்டிச் சட்டகத்தை மரபணுத் திருத்தம் மூலம் குலைத்தபோது வைட்டமின் சி சுமார் 150 சதவீதம் கூடியது (2018). முக்கியப் புரதத்தின் சட்டகத்தைத் தொடவே இல்லை.

விலங்குப் பாடப்புத்தகத்தின் படத்தை அப்படியே செடிக்கு ஒட்டுவது இன்னொரு பழக்கம். மொழிபெயர்ப்பைத் தொடங்க உதவும் இ.ஐ.எஃப்.2 ஆல்ஃபா என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் ஏற்றி, மொழிபெயர்ப்பைக் குறைக்கும் நொதிகள் (கைனேஸ்கள்) பாலூட்டிகளில் நான்கு உண்டு, செடிகளில் ஜி.சி.என்.2 ஒன்றுதான். மொழிபெயர்ப்பைத் தொடங்கும் புரதங்களில் செடிக்கே உரியவையும் இருக்கின்றன, இ.ஐ.எஃப்.ஐசோ4இ போல.

பசுங்கணிகத்தை மறந்துவிடுபவர்களும் உண்டு. அதன் ரைபோசோம் பாக்டீரிய வகை, 70எஸ். சைக்ளோஹெக்சிமைடு அதைத் தொடாது, பாக்டீரியாவுக்கு எதிரான மருந்தான லின்கோமைசின் தொடும். ஒளிச்சேர்க்கையில் பங்கேற்று வெளிச்சத்தில் சிதையும் டி1 புரதம் அங்கேதான் மாற்றிச் செய்யப்படுகிறது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததும் அதன் எம்.ஆர்.என்.ஏ. அளவு பெரிதாக மாறாமலேயே உற்பத்தி ஏறுகிறது.

அப்புறம், மாதிரி எடுக்கும் விதம். ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலான எம்.ஆர்.என்.ஏ.க்கள் ரைபோசோமிலிருந்து கழன்றுவிடுகின்றன, ஆக்சிஜன் குறைவைச் சமாளிக்க உதவும் நொதியான ஏ.டி.ஹெச்.1-இன் எம்.ஆர்.என்.ஏ. போன்ற சில மட்டும் தொடர்ந்து படிக்கப்படுகின்றன. கழன்றவை அழிந்துவிட்டன என்று எழுதிவிடாதீர்கள். பல, யு.பி.பி.1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கின்றன. ஆக்சிஜன் திரும்பினால் நிமிடங்களில் வேலைக்கு வந்துவிடும். ஆகவே நாற்றுகளை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தூக்கிப்போய் ஆற அமர நறுக்கினால், நீங்கள் அளப்பது அந்தப் பயணத்தின் விளைவைத்தான். மாதிரியை உடனே உறையவைக்கச் செடி நிற்கும் இடத்துக்கே திரவ நைட்ரஜனைக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு, எந்த வெளிச்சத்தில் எடுத்தீர்கள் என்பதையும் மாதிரிக் குழாயின் மேலேயே எழுதிவையுங்கள்.