புதுமைப்பித்தன் கதைகளைத் தொகுப்பாகப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுத்தொகுப்பை வாங்கிய சூட்டோடு, நாளொன்றுக்கு ஏழெட்டுக் கதை என்று கணக்கு வைத்துப் படித்துத் தள்ளுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. மணிக்கொடி, கலைமகள் போன்ற இதழ்களில் தனித்தனியாக, இடைவெளி விட்டு வந்த கதைகள் இவை. ‘செல்லம்மாள்’ முதல் வரியிலேயே அவளுடைய மூச்சு அடங்கிவிடுகிறது. அதன்பின் அவள் கணவர் பிரமநாயகம் பிள்ளையோடு பொறுமையாக உட்கார்ந்திருக்க முடியாதவருக்கு அந்தக் கதையில் வேறொன்றும் கிடைக்காது.

கதை எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்காமல் நகர்வது அதைவிடப் பெரிய தவறு என்பேன். 1934-இல் எழுதிய ‘அகல்யை’யில் கௌதமன் மனைவியை மன்னிக்கிறான், கதை அங்கே முடிந்துவிடுகிறது. 1943-இல் வந்த ‘சாப விமோசன’மோ மன்னிப்புக்குப் பிந்தைய வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறது, சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். ஒன்பது ஆண்டுகளில் ஒரே கேள்வி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது, இரண்டையும் தேதியோடு அடுத்தடுத்துப் படித்தால்தான் பிடிபடும். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு தொகுப்பு கால வரிசையில் அமைந்திருப்பது இதற்கு வசதி.

கதைசொல்லியின் குரலை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ‘பொன்னகரம்’, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்காகத் தன்னை விற்கிற அம்மாளுவுக்குப் பரிந்து பேசுகிறதா, கற்பைப் பற்றிக் கதைப்பவர்களைக் கேலி செய்கிறதா என்று ஒரு நீதியைத் தேடுவது வீண்வேலை. உலகத்துக்கு உபதேசம் செய்வது தம் கதைகளின் வேலையல்ல என்று ‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரையில் அவரே சொல்லிவிட்டார். அந்த முன்னுரையைப் புரட்டித் தள்ளிவிடுவது தனித் தவறு. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானைத் தழுவிய சில கதைகளைச் சொந்தக் கதைகளோடு சேர்த்து எடைபோடுவதும் அப்படியே.

நெல்லைப் பேச்சும் கிண்டலும் கண்ணால் மட்டும் மேய்ந்தால் தப்பிவிடும் என்பதை நான் தாமதமாகவே கற்றேன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ தொடக்கத்தில் பிள்ளையவர்கள் சென்னை பிராட்வே முனையில் நின்று, டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும், பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிப் போனால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது என்று கணக்குப் போடுகிறார். முதல்முறை இதைத் தாண்டிக் கடவுள் எப்போது வருவார் என்று பக்கத்தைத் திருப்பினேன். பல ஆண்டுகள் கழித்து வாய்விட்டுப் படித்தபோது, கடவுள் வருவதற்கு முன்பே நன்றாகச் சிரித்து முடித்திருந்தேன்.