இரண்டு அலங்கார அவுரிகள்: பூவைப் பார்த்துப் பெயர் வைத்துவிடாதீர்கள்

நீலச் சாயம் தரும் அவுரியின் உறவுச் செடிகளில் அழகுக்காகவே வளர்க்கப்படும் குறுஞ்செடிகள் சில உண்டு. அவற்றில் இண்டிகோஃபெரா டெகோரா, இண்டிகோஃபெரா கிரிலோவீ இரண்டும் பெயர் அட்டை தொலைந்துபோனால் ஆளைச் சுற்றலில் விட்டுவிடும். டெகோரா சீனா, ஜப்பான் நாட்டுச் செடி. கிரிலோவீ வட சீனா, கொரியா, அப்புறம் ஜப்பானில் கியூஷூ பக்கம். ஜப்பானியர்கள் முதலாவதை நிவாஃபுஜி என்கிறார்கள், இரண்டாவதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருளே 'கொரிய நிவாஃபுஜி'. அவ்வளவு சாயல்.

பலரும் முதலில் சறுக்குவது பூ நிறத்தில். அவுரி என்றதும் நீலப் பூவை எதிர்பார்ப்பது ஒரு பக்கம் (சாயம் வருவது இலையிலிருந்து, பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை), வெளிர் இளஞ்சிவப்பா அடர் இளஞ்சிவப்பா என்று பட்டிமன்றம் நடத்துவது இன்னொரு பக்கம். இரண்டுமே இளஞ்சிவப்பில் பூக்கும், இரண்டிலுமே வெள்ளை தலைகாட்டும். வெள்ளை வகைக்குப் பெயர்போனது டெகோராதானே என்று வெள்ளைப் பூ பூத்த ஒரு செடிக்கு நானே பெயர் சூட்டி ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் லென்ஸை எடுத்து இலையைப் பார்த்தபோதுதான் மானம் போனது. அது கிரிலோவீ.

பூவின் அளவும் கைகொடுக்காது, இரண்டிலும் கொடியிதழ் (பூவின் மேல்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழ்) ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். செடியின் உயரம்? குளிர் கடுமையான இடத்தில் தண்டு தரைவரை கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் செடிகள் இவை, அதனால் உயரத்தை நம்பவே வேண்டாம். நெற்று இரண்டிலும் பழுப்பாக, உருளையாக, வழுவழுப்பாகவே இருக்கும். விடுங்கள்.

சிற்றிலைகளை எண்ணுவது நல்ல பழக்கம்தான், ஆனால் எதை எண்ணுகிறோம் என்று தெரிந்து எண்ண வேண்டும். காம்பின் அடியில், தண்டோடு சேரும் இடத்தில், துளிர்மொட்டு இருந்தால்தான் அது முழு இலை, அதன் நடுக்காம்பில் எதிரெதிராக நிற்பவை சிற்றிலைகள். கிரிலோவீயில் பெரும்பாலும் 7 முதல் 11, டெகோராவில் 7 முதல் 15 வரை, அதாவது எண்ணிக்கை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. 9 என்று வந்தால் எண்ணி ஒரு பயனும் இல்லை. 20ஐ நெருங்கிப் பொடிப்பொடியாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது இந்த இரண்டுமே இல்லை, இமயமலைச் செடியான இண்டிகோஃபெரா ஹெட்டராந்தாவாக இருக்கலாம். எண்ணிக்கையைவிட வடிவம் மேல். கிரிலோவீயின் சிற்றிலை அகலமாக, சற்றே சாய்சதுரம் போல, 4 சென்டிமீட்டருக்குள் அடங்கும். டெகோராவினுடையது நீண்டு, நுனி குறுகி, 6 சென்டிமீட்டர்கூடப் போகும்.

பூங்கொத்தின் நீளமும் உதவும், டெகோராவில் 13 முதல் 21 சென்டிமீட்டர், கிரிலோவீயில் பெரும்பாலும் 5 முதல் 12. ஆனால் கொத்து அடியிலிருந்து மலர்ந்துகொண்டே நீளும் என்பதை மறந்து, நான்கு பூ விரிந்ததுமே ஸ்கேலை வைத்தால் டெகோராவும் கிரிலோவீ கணக்கில் சேர்ந்துவிடும்.

சரி, உருப்படியான அடையாளம் எது என்றால், ரோமம். பத்து மடங்கு லென்ஸ் போதும். தண்டின் நடுப்பகுதியிலிருந்து ஓர் இலையைப் பறித்து, வெளிச்சம் சாய்வாகப் படும்படி சிற்றிலையைப் பிடியுங்கள். கிரிலோவீயின் மேல்பக்கத்தில், யாரோ பொடி ஊசிகளைச் சிதறவிட்டது போல வெள்ளைக் கோடுகள் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் நடுவில் ஒட்டி இரு பக்கமும் கை நீட்டிய ரோமம். டெகோராவில் மேல்பக்கம் வெறுமையாக இருக்கும், அடிப்பக்கத்தில் மட்டுமே இவை தெரியும். இந்த இரட்டைக் கை ரோமத்தைப் பார்த்த உடனே 'கிடைத்துவிட்டது!' என்று குதிக்கக்கூடாது, ஏனென்றால் அது இண்டிகோஃபெரா பேரினம் முழுக்க உள்ள அடையாளம். ரோமம் இருக்கிறதா என்பதல்ல, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே கேள்வி.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. டெகோராவின் இசாங்கென்சிஸ் என்ற வகையில் இரண்டு பக்கமும் ரோமம் இருக்கும். அப்போது பூவின் கொடியிதழைப் பிய்த்து அதன் முதுகைப் பாருங்கள். டெகோராவில் பழுப்பு நிறத்தில் குட்டை ரோமம் அடர்ந்திருக்கும். கிரிலோவீயில் முதுகு மொட்டை, ஓரத்தில் மட்டும் சிறு ரோம வரிசை. நிறத்துக்காக எல்லோரும் உற்றுப் பார்க்கும் அதே இதழ்தான், திருப்பிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்கார்னேட்டா என்று அட்டை போட்ட செடி கிடைத்தால் மூன்றாவதாக ஒன்று வந்துவிட்டது என்று பதறவேண்டாம், அது டெகோராவின் இன்னொரு பெயர். பூ இல்லாத காலத்தில் இலையிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் நான் அட்டையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பூவுக்குக் காத்திருப்பேன்.