கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு: குஞ்சு பொரியும் வரை பார்த்துக்கொள்வது எப்படி?

முருங்கையைக் கவாத்து செய்யும்போதோ செம்பருத்தியை வெட்டிவிடும்போதோ, குச்சியோடு ஒட்டிய ஒரு பழுப்புக் கட்டி கண்ணில் படும். நெல்லிக்காய் அளவு இருக்கும், விரலால் தொட்டால் லேசாக அமுங்கும். தாய்ப்பூச்சி முட்டையோடு சேர்த்து வெளிவிட்ட நுரை, காற்றுப் பட்டு இறுகிய கூடு அது. நம் பக்கத்துத் தோட்டங்களில் காணப்படும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி ஹைரோடுலா இனத்தைச் சேர்ந்தது. அதன் ஒரே கூட்டிலிருந்து 100 குஞ்சுகளுக்கு மேல்கூட வரலாம்.

கூடு இருக்கும் கிளையை வெட்ட வேண்டிய அவசியம் இல்லையென்றால் அதைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். மழையும் வெயிலும் அதற்குப் பழக்கம்தான். கிளை ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது, அல்லது குஞ்சு வருவதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

1. உயிருள்ள கூடுதானா?

கூட்டின் நடுவே நீளவாக்கில் செதில் செதிலாக ஒரு பட்டை தெரியும். குஞ்சுகள் வெளியேறும் வாசல் அதுதான். அங்கே வெண்ணிற நூலும் சருகுத் தோலும் தொங்கினால் எல்லாம் ஏற்கெனவே பொரித்துப் போய்விட்டன. பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டைகள் இருந்தால் அது குளவியின் வேலை. பொடாக்ரியான் என்ற பொடிக் குளவி, தன் நீளமான ஊசியை நுரைக்குள் செலுத்திக் கும்பிடுபூச்சியின் முட்டைகளில் தன் முட்டையை வைத்துவிடும். ஓரிரண்டு ஓட்டைகளைப் பார்த்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தப்பித்த முட்டைகள் உள்ளே இருக்கலாம்.

2. குச்சியோடு எடுங்கள்

கூட்டைப் பிய்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் நான்கு விரற்கடை விட்டுக் குச்சியோடு வெட்டுங்கள். செடியில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே வாகில் டப்பாவிலும் நிற்க வேண்டும். தானாகக் கழன்று விழுந்த கூடு என்றால், குச்சியில் ஒட்டியிருந்த முதுகுப் பக்கத்தில் மட்டும் பசை தடவி வேறொரு குச்சியில் ஒட்டலாம். வாசல் பட்டையில் ஒரு சொட்டுப் பசைகூடப் படக் கூடாது.

3. டப்பா

வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா போதும். கூட்டுக்குக் கீழே 10 செ.மீ. இடமாவது வெறுமையாக இருக்கட்டும். ஏன் என்பது பொரிக்கும் நாளில் புரியும். மூடிக்குப் பதில் பழைய வேட்டித் துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். கொசுவலை சரிப்படாது, அந்தக் கண்ணிக்குள்ளேயே நுழைந்து வெளியே வந்துவிடும் அளவுக்குக் குஞ்சுகள் ஒல்லி. பிடித்து ஏற நாலைந்து காய்ந்த குச்சிகளைச் சாய்த்து வையுங்கள்.

4. எங்கே வைப்பது, என்ன செய்யக் கூடாது

நேர் வெயில் படாத, காற்றோட்டமான இடம் வேண்டும். மூடிய டப்பாவில் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். முதல் எதிரி எறும்பு. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே டப்பாவை நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸால் கோடு போடும் வேலையே வேண்டாம். எறும்பைக் கொல்லும் மருந்து இந்தக் குஞ்சையும் கொல்லும். கொசுவத்தி ஏற்றும் அறையும், பிளக்கில் செருகும் கொசு மருந்து இருக்கும் அறையும் அதே காரணத்தால் ஆகாது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை டப்பாவின் உட்சுவரில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அது அடுத்த தெளிப்புக்குள் காய்ந்துவிட வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருந்தால் கூட்டில் பூஞ்சணம் பிடிக்கும்.

கூட்டைச் சில மாதம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது குளிர்நாட்டு இனங்களுக்கான யோசனை. அமெரிக்காவில் கூடாகவே விலைக்குக் கிடைக்கும் சீனக் கும்பிடுபூச்சி போன்றவை பனிக்காலத்தை முட்டையாகக் கழித்துவிட்டு வசந்தத்தில்தான் பொரிக்கும். நம் ஊர் ஹைரோடுலாவை ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துப்போகும்.

5. காத்திருங்கள்

25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்தில் பொரிக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும். செடியில் கண்டெடுத்த கூட்டுக்கு வயது தெரியாது என்பதால் மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம். தினமும் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை.

6. பொரிக்கும் நாள்

பெரும்பாலும் காலையில்தான் நடக்கும். செதில்களுக்கு இடையே இருந்து, கால்கள் உடம்போடு ஒட்டிய வெளிர்நிறப் புழு ஒன்று நெளிந்து நெளிந்து இறங்கும். கருப்பாகத் தெரிவது கண் மட்டும்தான். மெல்லிய நூலில் தலைகீழாகத் தொங்கியபடியே முதல் தோலை உரிக்கும், அப்புறம்தான் கால்கள் விரியும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து, இருபது என்று கொத்தாகத் தொங்கும். கீழே இடம் விடச் சொன்னது இதற்காகத்தான். தரையில் இடித்தால் தோல் சரியாக உரியாமல் கால் கோணிவிடும்.

இந்த நேரத்தில் டப்பாவைத் தொடாதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். சில மணி நேரத்தில் உடம்பு இறுகி, வயிற்றை மேலே சுருட்டிக்கொண்டு எறும்புபோல ஓடத் தொடங்கும்.

7. பிரித்து விடுங்கள்

மறுநாளுக்குள் பசி வந்துவிடும். அப்புறம் கைக்கு எட்டுவது கூடப்பிறந்ததாக இருந்தாலும் தின்னும். எனவே அன்று மாலையே, வெயில் தாழ்ந்ததும், செடிக்கு இரண்டு மூன்றாகப் பரப்பி விடுங்கள். அசுவினி பிடித்த அவரை, கத்தரி கிடைத்தால் அங்கே கூடுதலாக விடலாம். பூச்சிமருந்து அடித்த செடி வேண்டவே வேண்டாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இவை வளர்ந்ததும் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும்கூடப் பிடிக்கும், நல்ல பூச்சி கெட்ட பூச்சி என்று பார்ப்பதில்லை.

வளர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் நாலைந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு கப்பில். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை ஒரு பாட்டிலில் போட்டு வைத்தால் மொய்க்குமே, அந்தப் பழ ஈதான் முதல் தீனி. அதைக் கூடு பொரிப்பதற்கு முன்பே தயார் செய்துகொண்டால் நல்லது. பிந்தி வரும் குஞ்சுகள் ஓரிரண்டு இருக்கலாம் என்பதால் காலிக் கூட்டை ஒரு வாரம் கழித்து எறியுங்கள்.